நிழற்படமும் விலையும்

கலை வேறு, வாணிகம் வேறு என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். புலவன் பரிசில் பெற்றான் என்றால் மகிழ்கிறோம். தச்சன் கூலி கேட்டால் கொடுக்கிறோம். நிழற்படம் எடுக்கும் இளைஞன் ஒருவன் தன் படத்திற்கு விலை கூறினால் மட்டும், "ஒரு பொத்தானை அழுத்தியதற்கு இவ்வளவு பணமா?" என்று வினவுகிறோம். கைப்பேசியுடையார் எல்லாரும் படம் எடுக்கும் இந்நாளில் அவ்வினா எழுவது இயல்பே. ஆயினும் அதற்கு விடை கூறாமல் விடுதல் முறையன்று.

நம் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கிப் பயிலும் நண்பர் ஒருவர், காசி நகரத்துப் படித்துறைகளைப் படமெடுத்து, அவற்றின் அச்சுப்படிகளை இணையத்தின் வழியே விற்று வருகிறார். வணிகவியல் பயில்பவன் என்ற முறையில் அவருடைய வரவு செலவுக் கணக்கை ஈராண்டுகளாக எழுதி வருபவன் நான். அதனால் இத்தொழிலை உள்ளிருந்து காணும் வாய்ப்புக் கிடைத்தது. இவ்விளைஞர் விற்பது எது? அதன் விலை எவ்வாறு அமைகிறது? அதில் யார் யார்க்கு உரிமை உண்டு? இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

முன்னோர் கண்ட வழி

நிழற்பட வாணிகம் நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது. 1839 ஆம் ஆண்டில் பாரிசில் வெளியிடப்பெற்ற டாகேரின் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படந்தான் கிடைத்தது. அதற்கு மறுபடி இல்லை. இங்கிலாந்தில் டால்பட் என்பார் 1841 இல் உரிமம் பெற்ற முறையோ வேறு. அதில் முதலில் தாளில் ஒரு நெகட்டிவ் உண்டாயிற்று. அந்நெகட்டிவிலிருந்து வேண்டிய அளவு படிகள் எடுக்கலாயிற்று. ஒரு படம் பல வீடுகளுக்குச் செல்லும் வழி அன்றே திறந்தது என்க.

இந்தியாவில் இவ்வழியைப் பெரிய அளவில் கையாண்டவர் சாமுவேல் போர்ன். 1863 இல் இந்நாட்டிற்கு வந்த அவர், இமயத்திலும் காசியிலும் பிற நகரங்களிலும் எடுத்த படங்களுக்கெல்லாம் எண் இட்டார். அவர் பங்காளியாயிருந்த போர்ன் அண்டு ஷெப்பர்டு நிறுவனம் அவ்வெண்களோடு பட்டியல் அச்சிட்டு வெளியிட்டது. வேண்டுவோர் எண்ணைக் குறித்து எழுதினால் படி அவர்க்குக் கிடைக்கும். கல்கத்தாவில் நெடுங்காலம் விளங்கிய அந்நிறுவனம் 2016 இல் மூடப்பட்டது. என் நண்பருடைய இணையக் கடையிலும் படங்கள் வரிசையாக எண்ணிட்டு நிற்கின்றன. வேண்டுவோர் எண்ணைத் தொட்டுப் பணம் செலுத்துகின்றனர். முறை ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு யாதெனின், அன்று ஒரு நிறுவனத்துப் பணியாளர் பலர் செய்த வேலையை இன்று ஒருவரே செய்ய வேண்டியிருக்கிறது. படமெடுப்பவர் அவரே, லேபுக்குச் செல்பவர் அவரே, பொட்டலம் கட்டுபவரும் அவரே.

திரையும் தாளும்

விற்கப்படுவது திரையில் தோன்றும் காட்சி அன்று. தாளில் பதிந்த பொருள். இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவதால் இளையோர் பலர் முதற்படியிலேயே இடர்ப்படுகின்றனர்.

திரை தானே ஒளி வீசுவது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. ஆகவே ஒளி மிகுந்த திரையில் அழகாகத் தோன்றும் படம், தாளில் இருண்டு போகிறது. காசியின் படித்துறைகள் கிழக்கு நோக்கியவை. கங்கை இங்கே வடக்கு நோக்கிப் பாய்கிறது. விடியற்காலைக் கதிர்கள் நேரே படிகளின்மேல் விழும்போது வெயில் பட்ட கல்லும் மண்டபத்து நிழலும் மிகுந்த வேறுபாட்டோடு நிற்கும். அந்நிழலுக்குள் இருப்பன திரையில் தெளிவாகத் தெரியும். தாளிலோ ஒரே கருமையாகிவிடும். இதனால் என் நண்பர் எந்தப் படத்தையும் சிறு தாளில் ஒருமுறை அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே கடையில் வைக்கிறார்.

அடுத்து அளவு. அருகிருந்து பார்க்கும் படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. 12 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் உள்ள படிக்கு 3600 × 5400, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 94 லட்சம் பிக்சல்கள் தேவை. 6000 × 4000 பிக்சல் தரும் காமிராவிற்கு இது எளிது. ஆனால் செய்திச் செயலி வழியே வந்து 1600 பிக்சலாகச் சுருங்கிய படத்தை இக்கணக்கில் அச்சிட்டால், நீளம் 5 அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவே. சுவரில் மாட்டித் தொலைவிலிருந்து பார்க்கும் பெரிய படத்திற்குப் புள்ளிகள் குறைந்தாலும் குற்றமில்லை.

மற்றொன்று, நீள அகலப் பொருத்தம். பெரும்பாலான காமிராக்களின் படம் 3க்கு 2 என்ற அளவினது. கடைவீதியில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டங்களில் 8 × 10 அங்குலம் மிகுதி. 8 × 12 ஆக அமையும் படத்தை 8 × 10 சட்டத்தில் அடைக்க வேண்டுமாயின் 2 அங்குலம், அதாவது ஆறில் ஒரு பங்கு, வெட்டுண்டு போகும். வெட்டுண்ட பகுதியில் ஒரு படகின் முனை இருந்தால் படமே கெட்டது. இதனை முன்னரே வாங்குவோர்க்குச் சொல்லிவிடுதல் நன்று.

தாளும் மையும் வாழ்நாளை வரையறுப்பவை. அமிலம் நீக்கிய பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்ட படி நெடுங்காலம் நிறம் மாறாது நிற்கும். மலிவான சாய மை வெயிலில் விரைந்து வெளுக்கும். எதனைப் பயன்படுத்தினோம் என்பதை மறைத்து விற்பது, கலப்புப் பண்டம் விற்பதற்கு ஒப்பாகும்.

எத்தனை படிகள்?

நெகட்டிவோ எண்முறைக் கோப்போ கையிலிருந்தால் படிகளை எண்ணற்று எடுக்கலாம். எண்ணற்றதற்கு மதிப்பு ஏது என்று கருதி, "இத்தனை படிகளுக்கு மேல் எடுக்கமாட்டேன்" என்று உறுதி கூறும் வழக்கம் எழுந்தது. ஜெர்மானியக் கலைஞர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் ஆற்றுப் படம் ஒன்று ஆறே படிகள் கொண்டது. அதில் ஒரு படி 2011 இல் நியூயார்க்கில் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. எனினும் குறைவே மதிப்பு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941 இல் எடுத்த ஹெர்னாண்டஸ் ஊரின் நிலவெழுச்சிப் படத்தை, தம் வாழ்நாளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகளாக அச்சிட்டார். அவற்றுள் ஒன்று 2006 இல் ஆறு லட்சம் டாலருக்கு மேல் விற்றது. கலைஞன் கைத்திறமும் அச்சிட்ட காலமும் அங்கே மதிப்பாயின.

மூன்றாவது வழியும் உண்டு. 1947 இல் தோன்றிய மேக்னம் என்னும் நிழற்படக் கலைஞர் கூட்டுறவு, 2014 முதல் ஆறங்குலச் சதுரப் படிகளைச் சில நாள் மட்டும் இணையத்தில் விற்கும் முறையைக் கையாண்டது. தொடக்கத்தில் விலை 100 டாலர். எண்ணிக்கைக்கு எல்லையின்றி நாளுக்கு எல்லை வகுத்த முறை இது. பெயர் அறியப்படாத இளையோர்க்கு இம்முறையே ஏற்றது என்பது என் கருத்து. என் நண்பரோ, 12 × 18 அளவில் 25 படிகள் என வரையறுத்து, ஒவ்வொன்றின் பின்புறத்தும் எண்ணும் கையொப்பமும் இடுகிறார். எம்முறையாயினும், சொன்ன சொல் காத்தலே அதன் உயிர். இருபத்தாறாவது படியை ஒருவருக்குக் கொடுத்தால், முன் வாங்கிய இருபத்தைவரையும் ஏமாற்றியதாகும்.

கணக்கு கூறுவது

இனி விலையைக் காண்போம். வரியை ஒதுக்கி, எங்கள் கணக்கேட்டில் உள்ளபடி கூறுகிறேன். ஒரு படியின் விலை ரூ. 2500. அதில் பருத்தித் தாளில் அச்சிட லேபிற்கு ரூ. 950, அட்டைக் குழலும் மேலுறையும் ரூ. 130, கூரியர் ரூ. 170, ஆக ரூ. 1250. இணையத்தில் பணம் பெற்றுத்தரும் நிறுவனம் நூற்றுக்கு 2 வீதம் ரூ. 50 எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது ரூ. 1200. அனுப்பும் 20 படிகளில் ஒன்று வழியில் கசங்கிவிடுகிறது. அதற்கு மறுபடி அனுப்பும் செலவை இருபதிலும் பங்கிட்டால் படிக்கு ரூ. 62.50. நின்றது ரூ. 1137.50.

இதுவும் முழு ஊதியம் அன்று. கடையின் பெயருக்கும் இடத்திற்கும் ஆண்டுக்கு ரூ. 6000, சோதனைப் படிகளுக்கு ரூ. 4000, ஆகப் பத்தாயிரம் ரூபாய். முதல் ஒன்பது படிகள் விற்ற பின்னரே இச்செலவு தீரும். சென்ற ஆண்டு விற்றவை 31. வரவு ரூ. 35,262.50, செலவு போக மிச்சம் ரூ. 25,262.50. திங்களுக்கு இரண்டாயிரத்து நூறு ரூபாய் என்று கொள்ளலாம். விடுதி உணவுக் கட்டணத்திற்கு உதவும். ஒரு குடும்பத்தைத் தாங்காது. இணையத்தில் கடை திறந்தால் செல்வம் குவியும் என்று எண்ணும் இளையோர் இக்கணக்கை மனத்திற் கொள்க.

"பெரிய விற்பனைத் தளத்தில் சேர்ந்தால் என்ன?" என்று கேட்கலாம். நூற்றுக்கு 30 தரகு கேட்கும் தளத்தில் ரூ. 750 அங்கேயே போய்விடும். பணம் பெறும் செலவு அதில் அடங்கினாலும் படிக்கு ரூ. 437.50 தான் நிற்கும். கூட்டம் வரும் சந்தையில் வாடகை மிகுதி. தனித்தெருவில் கடை வைத்தால் வாடகை குறைவு, வருவாரும் குறைவு. நம் கடைத்தெருவின் இயல்பே இணையத்திற்கும் இயல்பு.

வரியைப் பற்றி ஒரு சொல். வெளிமாநிலத்தார்க்குப் பொருள் விற்போர், விற்றுமுதல் சிறிதாயினும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2017 ஆம் ஆண்டுப் பொருள் சேவை வரிச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு கூறும் பொதுவிதி. விலக்குகளும் உண்டு. ஆதலின் கடை திறப்பதற்கு முன்பே வரி அறிந்தார் ஒருவரை நாடுக.

எடுத்தவர் உரிமை

இந்நகரத்துத் தங்கும் விடுதி ஒன்று, என் நண்பர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து எடுத்துத் தன் விளம்பரத் தாளில் அச்சிட்டது. கேட்டபோது, "இணையத்தில் கிடந்தது, எடுத்தோம்" என்றனர். தெருவில் நிற்கும் மிதிவண்டியை, "தெருவில் நின்றது, எடுத்தோம்" என்று கூற இயலுமா?

1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தைக் கலைப்படைப்பு என்றே கொள்கிறது. எடுத்தவரே அதன் ஆசிரியர். பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை. 2012 இல் செய்த திருத்தத்திற்குப் பின், அவ்வுரிமை ஆசிரியர் வாழ்நாளும் அதற்கப்பால் 60 ஆண்டும் நிற்கிறது. அச்சுப்படியை வாங்கியவர் தாளுக்கு உரியவரே தவிர, படத்தைப் பெருக்கி விற்கும் உரிமைக்கு உரியவர் அல்லர். ஆயினும் ஒரு விலக்கைக் கருத்தில் வைக்க வேண்டும். பிறர் கேட்டுக்கொள்ள, பணம் பெற்று எடுத்த படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லையேல், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17 ஆம் பிரிவு. திருமணப் படம் எடுக்கும் இளையோர் இதனை மறத்தலாகாது. உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது 19 ஆம் பிரிவு. காலம் குறியாவிடில் அது ஐந்தாண்டே செல்லும்.

இவற்றை எடுத்துக்காட்டி, மூலக்கோப்பு எம்மிடம் இருப்பதையும் குறித்து, நாங்கள் கடிதம் எழுதினோம். மூன்று வாரத்தில் அவ்விடுதியார் படத்திற்குரிய தொகையைக் கொடுத்தனர். வழக்கு மன்றம் செல்ல வேண்டிய நிலை வரவில்லை.

படத்தில் உள்ளார் உரிமை

நம் உரிமையைப் பேசும் நாம், பிறர் உரிமையை எண்ணுகிறோமா? என் நண்பருடைய படங்களுள் மிகுதியாக விற்பது, மார்கழிப் பனியில் துடுப்பின்மேல் கைவைத்திருக்கும் முதிய படகோட்டியின் படம். வாங்கியோர் சுவரில் அம்முகம் தொங்குகிறது. அம்முகத்திற்கு உடையவர் அன்றாடம் கூலிக்குப் படகு வலிக்கிறார். பொதுவிடத்தில் படமெடுக்கத் தடையில்லை என்று கூறி அமைதல் எளிது. ஆனால் ஒருவர் உருவத்தை அவர் இசைவின்றி விளம்பரம் முதலியவற்றுக்குப் பயன்படுத்துவது அவருடைய உரிமையைத் தாக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1994 இல் ராஜகோபால் வழக்கில் கூறியது. தனிவாழ்வுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 இல் புட்டசாமி வழக்கில் உறுதி செய்தது. சட்டம் எங்கே கோடு கிழிப்பினும், நெஞ்சு அதற்கு முன்பே ஒரு கோடு கிழிக்க வேண்டும்.

இது குறித்து எங்களுள் நெடிய வாதம் நிகழ்ந்தது. "கலையைக் காசாக எண்ணிப் பங்கிட்டால் கலை எங்கே?" என்றார் நண்பர். "காசுக்கு விற்ற பின் பங்கிடாதிருப்பதுதான் பிழை" என்றேன் நான். முடிவில் இருவரும் அப்பெரியவரிடமே சென்று, அச்சிட்ட படியைக் கையில் கொடுத்துக் கேட்டோம். அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். "விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இதில் நான் நோயாளிபோல் இருக்கிறேன். படகுக்கு வண்ணம் பூசிய பின், பேரனோடு ஒன்று எடுத்துக் கொடுங்கள்" என்றார். அவ்வாறே எடுத்துக் கொடுத்தார் நண்பர். அப்படம் விலைக்கு உரியதன்று. பனிப்படத்தின் ஒவ்வொரு படிக்கும் ரூ. 200 அவர்க்குச் செல்கிறது, ரூ. 1137.50 அங்கே ரூ. 937.50 ஆகிறது. குறைந்தது கணக்கேட்டில் தெரிகிறது. அதனை எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. மணிகர்ணிகைத் துறையில் பிறர் பிணம் எரிவதைப் படமாக்கி விற்பதில்லை என்றும் நண்பர் உறுதி கொண்டுள்ளார்.

இனி, "ஒரு பொத்தானை அழுத்தியதற்கு இவ்வளவா?" என்று கேட்போர்க்கு விடை கூறலாம். விலையில் பாதி தாளுக்கும் வழிக்கும் போகிறது. மீதியில் விடியலுக்கு முன் எழுந்த நாள்களும், வீணான சோதனைப் படிகளும், ஒரு முதியவரின் பங்கும் உள்ளன. மாணவ நண்பர்களே, நும் அறையின் சுவரில் ஒரு படம் வேண்டுமாயின், நம்முள்ளேயே படமெடுக்கும் இளையோரை நாடி, உரிய விலை கொடுத்து வாங்குவீர்களாக. படமெடுப்போரும் அளவு, தாள், எண்ணிக்கை, உரிமை ஆகியவற்றை மறையாது எழுதி வைத்து விற்பார்களாக. அவ்விரண்டும் நிகழுமாயின், இக்கலை நம்மிடையே தன் காலில் நிற்கும்.