சுஷிக்கு முதலில் சோறு, கடைசியில்தான் மீன்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஜப்பானியத் தொடர்கள் என்றால் உயிர். வீட்டிலேயே சுஷி செய்து தரச் சொல்லி நச்சரிக்கிறாள். ஆன்லைனில் தேடினால் அரிசி, வினிகர், கடல்பாசித் தாள், மூங்கில் பாய், வசாபி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை வாங்கியே ஆக வேண்டும்? பொன்னி அரிசியைக் கொஞ்சம் குழைய வேகவைத்தால் போதாதா? மார்க்கெட்டில் வாங்கும் வஞ்சிரத்தைப் பச்சையாக வைக்கலாமா? மாமியார் சுத்த சைவம். அவருக்கும் ஏதாவது செய்ய முடியுமா?

– வாசகி, திருச்சி

பதில்: வஞ்சிரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சையாக வேண்டவே வேண்டாம். குழம்புக்கு அருமையான மீன் எல்லாம் பச்சையாகச் சாப்பிடத் தகுந்ததாகிவிடாது. கடல் மீனின் சதைக்குள் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கலாம். அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைக்க வேண்டும், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐத் தொட்டாலே பெரிது. அதிலும் நாளுக்குப் பத்துத் தடவை கதவு திறப்போம், கரண்ட் வேறு போகும். அப்படியே உறையவைத்தாலும் புழு சாகும், பாக்டீரியா சாகாது. பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை, வஞ்சிரம் போன்ற மீன்களில் ஹிஸ்டமின் சேரும். அது வறுத்தாலும் போகாத நஞ்சு. பாக்கெட்டில் ‘சுஷி கிரேடு’ என்று போட்டிருந்தாலும் மயங்காதீர்கள். அமெரிக்காவிலேயே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை கிடையாது.

மகளிடம் இதைச் சொன்னால் முகம் தொங்கிப்போகும். அவளுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் உண்டு: சுஷிக்கு உயிர் வினிகர் கலந்த சோறுதான். சோறு இல்லாமல் பச்சை மீனை மட்டும் வைத்தால் அது சஷிமி, வேறு பண்டம். சுஷி பிறந்ததே மீனைக் கெடாமல் வைக்கும் வழியாகத்தான். ஜப்பானின் ஷிகா மாகாணத்தில் பிவா ஏரியின் மீனை உப்பும் சோறும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் ஃபுனாசுஷியை இன்றும் செய்கிறார்கள். புளிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் பிற்பாடு சோற்றில் வினிகரையே ஊற்றிக்கொண்டார்கள். இன்று நாம் படத்தில் பார்க்கும், கையால் பிடித்த நிகிரி சுஷி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருக்கடைப் பண்டமாகப் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஐஸ் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் இறாலை வேகவைத்தார்கள், விலாங்கைச் சோயாவில் கொதிக்கவைத்தார்கள், சூரையைச் சோயாவிலும் சிறு மீன்களை வினிகரிலும் ஊறவைத்தார்கள். சால்மனைப் பச்சையாக வைக்கும் வழக்கமோ 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை ஜப்பானில் விற்கப் பாடுபட்ட பிறகு வந்தது. ஆகவே வேகவைத்த இறாலும் வெள்ளரியும் வைத்துச் செய்கிறோமே என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ஜப்பானில் எந்த சுஷிக் கடையிலும் வெள்ளரிச் சுருள் இருக்கும். கப்பாமாக்கி என்று பெயர்.

இனி கடைக்குப் போவோம். பட்டியலில் பணம் போட்டே ஆக வேண்டியவை இரண்டுதான்: அரிசி, நோரி என்னும் கடல்பாசித் தாள்.

பொன்னி ஏன் ஆகாது? குழைந்த சோறு வேறு, ஒட்டுகிற சோறு வேறு. அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை. அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாக நிற்கும், குறைந்தால் ஒட்டும். நம் பொன்னி, பாஸ்மதி எல்லாம் உதிரிக் கட்சி. புழுங்கலாக்கினால் இன்னும் உதிரும். தண்ணீரைக் கூட்டிக் குழையவிட்டால் பருக்கை உடைந்து கூழாகுமே தவிர, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. சுஷிக்குப் பருக்கை முழுசாகவும் இருக்க வேண்டும், ஒட்டவும் வேண்டும். அதற்குத்தான் ஜப்போனிகா வகைக் குட்டை அரிசி. கோஷிஹிகாரி கிடைத்தால் சந்தோஷம். கலிபோர்னியாவின் கால்ரோஸும் போதும். ‘ஸ்டிக்கி ரைஸ்’ என்று விற்கும் மோச்சி அரிசியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், பசையாகிவிடும். கை பழகும்வரை மகாராஷ்டிரத்து அம்பேமொகர் பச்சரிசியில் செய்து பாருங்கள். வெந்ததும் லேசாக ஒட்டும், விலையும் கையைக் கடிக்காது.

சென்னைப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் கொரிய மளிகைக் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் ஆலை வந்த பிறகு கொரியக் குடும்பங்களும், அவர்களை நம்பி அந்தக் கடைகளும் வந்தன. கொரியர் உண்பதும் குட்டை அரிசிதான். கிம்பாப் என்ற கொரியச் சோற்றுச் சுருளை உருட்டும் பாசித் தாளும் அங்கே இருக்கும். அது நோரிக்குச் சரியான மாற்று. எண்ணெயும் உப்பும் தடவி, சிறு துண்டுகளாக வரும் கொரியத் தின்பண்டத் தாள் உதவாது. முழு நோரித் தாள் 19-க்கு 21 சென்டிமீட்டர் இருக்கும். ஈரம் பட்டால் உடனே நமுத்துப்போகும் என்பதால், பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். நமுத்துவிட்டால் அடுப்புத் தணலுக்கு மேலே இரண்டு வீச்சு காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே சமாளிக்கலாம். அரிசி வினிகர் இல்லையென்றால் ஆப்பிள் சிடர் வினிகர். அதுவும் இல்லையென்றால் சாதா வெள்ளை வினிகர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. சோயா சாஸ் மட்டும் இயற்கையாகப் புளிக்கவைத்தது என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபிரைடு ரைஸுக்கு ஊற்றும் கறுப்பு சாஸ் சுஷியின் ருசியை அமுக்கிவிடும். வசாபி என்று டியூபில் வருவது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும்தான், இல்லாவிட்டாலும் குறையில்லை. பக்கத்தில் வைக்கும் இஞ்சியை நீங்களே செய்யலாம். நாரில்லாத இளம் இஞ்சியைச் சீவி, ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, சர்க்கரை, உப்பு கரைத்த சூடான வினிகரில் ஊறவிட்டால் மறுநாள் தயார்.

சோறு செய்முறை: 300 கிராம் அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக வடிகட்டுங்கள். 380 மில்லி தண்ணீர் விட்டு, மூடிபோட்டுக் கொதிக்கவிட்டு, கொதித்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம் வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் 10 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. கஞ்சி வடிக்கிற வேலையே இல்லை. இதற்கிடையில் 60 மில்லி வினிகரில் இரண்டு மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். புளியோதரைக்குச் சோற்றை ஆறவைத்துப் பிறகு கிளறுவோமே, இங்கே அது தலைகீழ்: தாம்பாளத்தில் கொட்டிய சோறு ஆவி பறக்கும்போதே வினிகரைத் தெளித்துவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே இழுக்கும். மரக்கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, வெட்டுவதுபோல் கலந்து, பக்கத்தில் ஒருவரை விசிறச் சொல்லுங்கள். பருக்கைகள் பளபளவென்று ஆகிவிடும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு வந்ததும் ஈரத்துணியால் மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும்; வெளியே நெடுநேரம் வைத்தாலும் நம் ஊர் வெயிலுக்கு ஆபத்து. உருட்டி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

முதல் முயற்சிக்கு வெள்ளரிச் சுருள்தான் சரி. நோரியை நீளவாட்டில் பாதியாக வெட்டி, பளபளப்பான பக்கம் கீழே இருக்க மூங்கில் பாயில் வையுங்கள். பாய் கிடைக்காவிட்டால் மடித்த தடித்த துணிமேல் பிளாஸ்டிக் தாள் விரித்தாலும் வேலை நடக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்து, சுமார் 80 கிராம் சோற்றை அழுத்தாமல் பரப்புங்கள். எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் காலியாக விடவேண்டும். நடுவில் விதை நீக்கி, உப்புத் தடவி, நீர் பிழிந்த வெள்ளரிக் குச்சி. இப்போது உங்கள் பக்கத்துச் சோற்று விளிம்பு எதிர்ப்பக்கச் சோற்று விளிம்பைத் தொடும்படி ஒரே மூச்சில் சுருட்டுங்கள். காலியாக விட்ட ஓரம் தானே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கம் கீழே இருக்க ஒரு நிமிடம் விட்டு, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஈரத்துணியில் துடைத்து ஆறு துண்டாக்குங்கள். பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்: ஆசைப்பட்டுச் சோற்றை அள்ளி வைப்பார்கள், சுருள் வெடித்துவிடும்.

மாமியாருக்கு வெள்ளரி, கேரட், கொடைக்கானல் மலைப்பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட் எல்லாம் பொருந்தும். ஒன்றை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நோரி வளரும் கடலில் குட்டி இறால், நண்டுகளும் இருப்பதால், சில பாக்கெட்டுகளில் அவை கலந்திருக்கலாம் என்றே அச்சிட்டிருப்பார்கள். லேபிளைப் படித்துவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள். வேண்டாம் என்றால், அதே சோற்றை உருண்டையாகப் பிடித்து, வறுத்த எள்ளில் புரட்டிக் கொடுக்கலாம். நோரியே தேவையில்லை.

வெள்ளரி கைவந்த பிறகு வேகவைத்த இறாலுக்கும், முட்டைக்கும் போங்கள். பச்சை மீன்தான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், முறையாக உறையவைத்த மீன் வாங்கும் நம்பகமான ஜப்பானிய உணவகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். அங்கேயும் முதலில் சோற்றை மட்டும் தனியாகச் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு இனிப்பு வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்.