காத்திருக்கச் சொன்ன டாக்டர்

அன்புள்ள சகோதரிக்கு,

சிட்னியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள உங்கள் பையனின் சளியில் ஸ்கெடோஸ்போரியம் என்ற பூஞ்சை வளர்ந்திருக்கிறது. டாக்டரோ மருந்து எதுவும் எழுதாமல், அடுத்த சளிப் பரிசோதனையையும் பார்த்துவிடலாம் என்கிறார். நெஞ்சுக்குள் பூஞ்சையை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் டாக்டர் பக்கம்.

வீட்டைச் சரியாகத் துடைக்கவில்லையோ என்ற குற்ற உணர்வு வேண்டாம். இந்தப் பூஞ்சை மனிதர் புழங்கும் மண்ணில் செழிப்பது. சிட்னி நகர மண்ணில் அது நிறையவே இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் முன்பே காட்டியிருக்கிறார்கள். அதன் வித்துகளை நீங்களும்தான் சுவாசிக்கிறீர்கள். உங்கள் மூச்சுக்குழாய் அவற்றைச் சளியோடு மேலே தள்ளி வெளியேற்றிவிடும். சி.எஃப்.டி.ஆர். மரபணுவின் கோளாறால் உங்கள் பையனுக்குச் சளி வறண்டு கெட்டிப்படுகிறது. வந்த வித்து அங்கேயே தங்கிவிடுகிறது.

தங்குவதெல்லாம் நோய் ஆகாது. எல்லாச் சிக்கலும் இங்கேதான். இதே நுரையீரலில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் குடியிருக்கும். மூச்சுத்திறன் குறைந்தால் காரணம் பாக்டீரியாவா, பூஞ்சையா என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அதனால் அனுபவமுள்ள டாக்டர்கள் சிலவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரே பூஞ்சை திரும்பத் திரும்ப வளர்கிறதா? பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தும் இருமலும் மூச்சுத்திறனும் தேறவில்லையா? சி.டி. ஸ்கேனில் புதிய மாற்றம் உண்டா? ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புரதம் ஏறியிருக்கிறதா? அது ஏறியிருந்தால் பிரச்சினை பூஞ்சைமேல் உடல் காட்டும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு.

அவசரப்பட்டு மருந்து கொடுத்தால் என்ன நஷ்டம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையை வைத்துக் கனடாவில் ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். 35 பேர், ஏறக்குறைய பாதிப் பேருக்கு 24 வாரம் இட்ராகோனசோல், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். மருந்து சாப்பிட்டவர்களில் பலருக்கு அது ரத்தத்தில் போதிய அளவை எட்டவும் இல்லை. ஸ்கெடோஸ்போரியத்துக்கோ அந்த அளவு ஆய்வுகூடக் கிடைப்பது அரிது.

அதற்குக் கொடுக்கும் முதல் மருந்து வோரிகோனசோல். பூஞ்சை என்றாலே நினைவுக்கு வரும் ஆம்ஃபோடெரிசின் இதனிடம் அநேகமாக எடுபடாது. வோரிகோனசோலை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். கல்லீரலைக் கவனிக்க வேண்டும். ஒரே அளவு மாத்திரை ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு மிஞ்சிவிடும் என்பதால் ரத்த அளவைப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். வெயில் பட்டால் தோல் கன்றும். நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. ஆஸ்திரேலிய வெயிலில் கிரிக்கெட் ஆடும் பையனுக்கு இது சின்ன விஷயமா?

அவன் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான டிரிகாஃப்டா மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் நான் நின்று மறுபடி படித்த வரி அது. வோரிகோனசோல், இட்ராகோனசோல், போசாகோனசோல் மூன்றுமே டிரிகாஃப்டாவைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து, ரத்தத்தில் அதை ஏற்றிவிடும். 12 வயது நிரம்பியவர்களுக்குத் தினசரி காலை மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து, மாலை மாத்திரையை நிறுத்திவிடச் சொல்கிறது டிரிகாஃப்டாவின் விவரத்தாள். வெளியில் வேறொரு டாக்டர் பூஞ்சை மருந்து எழுதினால், டிரிகாஃப்டா சாப்பிடுவதைச் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள். இன்னொன்று: டிரிகாஃப்டா தொடங்கிய பலருக்குச் சளியே வருவதில்லை. நல்ல செய்திதான், ஆனால் பரிசோதனைக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. இருமும்போது சளி வந்தால் தவறாமல் பிடித்துக் கொடுங்கள்.

இந்தப் பூஞ்சைகள் புதிதாகப் பரவுகின்றனவா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ஓரளவு, தேடுவதால் கிடைக்கின்றன. சாதாரணக் கல்ச்சர் தட்டில் வேகமாக வளரும் பாக்டீரியாவும் ஆஸ்பர்ஜில்லஸும் ஸ்கெடோஸ்போரியத்தை மூடிவிடும். இதற்கென்றே ஒரு தட்டு உண்டு. அதில் முன்பு பயிருக்கு அடித்துவந்த பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலக்கிறார்கள். மற்றப் பூஞ்சைகள் பெரும்பாலும் அடங்க, ஸ்கெடோஸ்போரியம் அதிலும் வளர்கிறது.

நான் இதுவரை சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. லோமென்டோஸ்போரா ப்ரோலிஃபிகன்ஸ் என்றொரு பூஞ்சை. முன்பு அதையும் ஸ்கெடோஸ்போரியம் என்றே அழைத்தார்கள். அது இன்று கையிலுள்ள பூஞ்சை மருந்துகள் அநேகமாக எதற்கும் அசையாது. பல மையங்கள் அதைக் காரணம் காட்டியே நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குத் தயங்குகின்றன. மான்செஸ்டரில் உருவான ஓலோரோஃபிம் என்ற புது மருந்து அதன்மேல் வேலை செய்கிறது. ஆனால் 2023இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தராமல் கூடுதல் தரவு கேட்டது.

ஆகவே அடுத்த முறை போகும்போது பரிசோதனை அறிக்கையில் பூஞ்சையின் முழுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அபியோஸ்பெர்மம், பாய்டிஐ, அல்லது சிட்னியில் அடிக்கடி காணப்படும் ஆரன்டியாகம் என்றிருந்தால், டாக்டர் சொன்னபடி அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருக்கலாம். லோமென்டோஸ்போரா என்றிருந்தால் அன்றே உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்