வானொலியும் வைப்புப் பணமும்

பொருளீட்டும் வழிகளைப் பற்றி எழுதினோர் பலர். பிறர் வாய்ச்சொற் கேட்டுத் தம் பொருளை ஓரிடத்தில் வைத்தோர் அவரினும் பலர். முன்னாளில் அவ்வாய்ச்சொல் உறவினருடையதாகவோ அயலாருடையதாகவோ இருந்தது. சொன்னவன் முகத்தைக் கேட்டவன் அறிவான். சொல் பிழைத்ததேல் மறுநாள் அவன் வாயிலிற் சென்று நின்று வினவவும் கூடும். வானொலி வந்த பின்னர் அந்நிலை மாறிற்று. முகமறியா ஒருவர் நம் வீட்டுக் கூடத்திற் புகுந்து, சேமிப்பு, வீட்டுக்கடன், பங்கு வாணிகம், நாட்டு நடப்பு ஆகியவற்றை நம்மோடு உடனிருந்து பேசுவார் போலப் பேசிச் செல்கின்றார். நாம் கேட்கலாம், இடைமறித்தல் இயலாது. இத்தகைய பேச்சினை எவ்வாறு செவிமடுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. ஆராய நேர்ந்ததற்கு எம் வீட்டு நிகழ்ச்சியொன்றும் காரணமாம். அதனை ஈற்றிற் கூறுவோம்.

இப்பொருளில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது, 1933-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்க ஐக்கிய நாட்டுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டு நிகழ்த்திய வானொலிப் பேச்சாகும். அவர் பதவியேற்று எட்டு நாட்களே கழிந்திருந்தன. அதற்கு முந்திய திங்களில், மிச்சிகன் மாநிலத்து ஆளுநர் அங்குள்ள பாங்கிகள் அனைத்தையும் மூடுவித்தார். அச்செய்தி கேட்ட பிற மாநிலத்தார் தத்தம் பாங்கிகட்கு ஓடினர். தமிழிலக்கணம் பயிலும் எம்மனோர்க்குப் 'பாங்கியிற் கூட்டம்' என்றவுடன் அகப்பொருட் டுறையே நினைவிற்கு வரும். அமெரிக்கர் அந்நாளிற் கண்ட பாங்கியிற் கூட்டத்தில் தலைவனும் இல்லை, தோழியும் இல்லை; பணப்பையுடன் விடியுமுன் வரிசையில் நின்ற மாந்தரே இருந்தனர்.

அவ்வச்சம் வீண் அச்சமெனத் தள்ளுதற்கில்லை. நாம் வைக்கும் பணத்தைப் பாங்கி பெட்டியிலிட்டுப் பூட்டி வைத்திருப்பதன்று. அதிற் பெரும்பகுதி வீட்டடமானத்தின் மேலும், தொழில் செய்வார்க்குக் கடனாகவும், பத்திரங்களிலும் சென்று விடுகின்றது. அன்றாடம் கேட்டு வருவோர்க்குப் போதுமான சிறு பகுதியே கையில் நிற்கும். எல்லோரும் ஒருநாளிற் கேட்பின் நல்ல பாங்கியும் கொடுக்கமாட்டாது. ஆகவே, பாங்கி நலமாயிருக்கிறதென்று நம்பும் அறிவாளியுங்கூட, பிறர் நம்பமாட்டார் என்று கருதின், அவர்க்கு முன்னர்ச் சென்று நிற்பதே தனக்கு நன்றாகின்றது. இவ்விடர்ப்பாட்டின் நுட்பம் இதுவே.

ரூஸ்வெல்ட்டு மார்ச்சு 6-ஆம் நாள் நாட்டிலுள்ள பாங்கிகள் எல்லாவற்றிற்கும் விடுமுறை விதித்தார். 9-ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறிற்று. 12-ஆம் நாள் இரவு அவர் பேசியது கால்மணி நேரத்திற்கும் குறைவே. கேட்டவர் ஏறத்தாழ ஆறு கோடி மக்கள் என்பர். பாங்கியில் இட்ட பணம் எங்கே செல்கின்றது என்பதிலிருந்து தொடங்கி, ஏன் மூடினோம், ஏன் எல்லாவற்றையும் ஒரேநாளில் திறவாமல் முதலில் பன்னிரு பெருநகரங்களிலும் பின்னர்ப் பிறவிடங்களிலும் திறக்கின்றோம் என்பதுவரை, குழூஉக்குறி ஒன்றும் கலவாது விளக்கினார். பாங்கியாளர்க்குங்கூட விளங்குமாறு அவர் பேசிவிட்டார் என்று நகைச்சுவைஞர் வில் ராஜர்ஸ் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். மறுநாள் திறந்த பாங்கிகளின் முன் மக்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். இம்முறை பணத்தைத் திரும்ப இடுதற்கு. வீடுகளிற் பதுக்கப்பட்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அத்திங்கள் முடிவதற்குள் பாங்கி சேர்ந்தது. நியூயார்க்குப் பங்குச்சந்தை 15-ஆம் நாள் மீண்டும் திறந்தபோது, விலைக்குறியீடு ஒரேநாளில் நூற்றுக்குப் பதினைந்திற்கு மேல் உயர்ந்தது.

இதனைக் குரலின் வெற்றியென்று கூறுவார் பலர். எமக்கு அஃது உடன்பாடன்று. அப்பேச்சிற் பெரிதும் போற்றப்படாத ஓரிடம் உண்டு. எல்லாப் பாங்கிகளும் திறக்கும் என்றோ, ஒருவர்க்கும் இழப்பு நேராது என்றோ தாம் உறுதி கூறவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். உண்மையிலும் பல திறக்கவில்லை. அவ்வாண்டில் மூடுண்ட பாங்கிகள் சுமார் 4,000. திறந்தவற்றையோ அரசினர் ஆராய்ந்து பார்த்தே உரிமம் தந்தனர். வேண்டுமளவு நாணயம் வழங்கப் பெடரல் ரிசர்வ் பாங்கிகட்கு மூன்று நாள் முன்னர் வந்த அச்சட்டம் இடம் அளித்திருந்தது. குரலுக்குப் பின்னே சட்டமும், சட்டத்திற்குப் பின்னே பணமும் நின்றன. இன்னொரு வியப்பு: இட்ட பணத்திற்கு அரசே காப்பீடு செய்தல் ரூஸ்வெல்ட்டிற்கு விருப்பமன்று. எனினும் அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாட் சட்டத்தில் அது புகுந்தது. 1934 ஜனவரி முதல் ஒருவர்க்கு 2,500 டாலர் வரை காப்பு ஏற்பட்டது. பேச்சாற் பெற்ற நம்பிக்கையைக் காத்தது, பேசியவர் விரும்பாத அவ்வேற்பாடே.

வீட்டுக்கடன் பற்றியும் அவர் மே 7-ஆம் நாட் பேச்சிற் குறிப்பிட்டார். ஜூன் 13-ஆம் நாள் அதற்கெனக் கழகம் ஒன்று சட்டத்தால் ஏற்பட்டு, 1936-க்குள் ஏறத்தாழ பத்து இலக்கம் வீடுகளின் அடமானக் கடன்களை மாற்றியமைத்தது.

இனி இங்கிலாந்திற்கு வருவோம். 1931 ஜனவரியில் பொருளியலறிஞர் கெயின்ஸ், பீ.பீ.ஸி. வானொலியில் இல்லத்தரசியரை நோக்கி, கடைகளிற் சென்று தாராளமாக வாங்குமாறு வேண்டினார். ஐந்து ஷில்லிங் மிச்சம் பிடிப்பவர், ஒருவனுக்கு ஒருநாள் வேலையைப் போக்குகின்றார் என்பது அவர் கணக்கு. இருபது இலக்கத்திற்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்த காலம் அது. நாட்டுக் கணக்கில் அவர் கூறியது சரியே எனப் பின்வந்தோர் பலர் ஒப்பினர். ஆயினும், நாளை கணவன் வேலையிழப்பானோ என்றஞ்சி ஐந்து ஷில்லிங்கை முடிந்து வைத்த ஒருத்தி அதனைக் கேட்டு அவிழ்த்திருப்பின், அவள் வீட்டுக் கணக்கிற்கு விடை கூறுவார் யார்? நாட்டிற்கு நல்லது வீட்டிற்கும் நல்லதாதல் ஒருதலையன்று. 1933-இல் கெயின்ஸ் அவர்களும், இருப்புப்பாதைக் கழகத் தலைவர் ஸர் ஜோஸையா ஸ்டாம்பும் செலவையும் சேமிப்பையும் பற்றி வானொலியில் உரையாடினர். தனியுரையினும் இவ்வுரையாடல் முறையே எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகின்றது. கேட்போர் இடைமறித்தல் இயலாதாகலின், அவர் பொருட்டு இடைமறிக்க ஒருவர் அங்கு இருத்தல் நன்று.

குரலுக்குப் பின் ஒன்றும் நில்லாதபோது நேர்வதை 2007-ஆம் ஆண்டு காட்டிற்று. நார்தர்ன் ராக் என்னும் பாங்கி, இங்கிலாந்துப் பாங்கியிடம் அவசரக் கடன் கேட்டது என்னும் செய்தியைச் செப்டம்பர் 13-ஆம் நாள் மாலை பீ.பீ.ஸி. வெளியிட்டது. அஞ்ச வேண்டா என்றே அதிகாரிகள் கூறினர். விடிந்ததும் கிளைகளின் வாயிலில் வரிசை நீண்டது. மக்கள் மடமை என்று அன்று நகைத்தாரும் உளர். ஆனால் அந்நாட்டுக் காப்பீடு அப்போது முதல் 2,000 பவுனுக்கே முழுமையாக இருந்தது. அடுத்த 33,000 பவுனுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற முதியவர் கணக்கு அறிந்தே நின்றார் எனல் வேண்டும். அரசு முழுப்பொறுப்பேற்பதாக அறிவித்தது 17-ஆம் நாள்; அதன் பின்னரே வரிசை குறைந்தது.

எம் நாட்டில், 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கி வீழ்ந்ததை ஒட்டி, 1962 ஜனவரியில் வைப்புக் காப்பீடு தொடங்கிற்று. அப்போது ஒருவர்க்கு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் அஃது 5 இலட்சமாயிற்று. ஒரு பாங்கியில் ஒருவர் வைத்த முதலும் வட்டியும் சேர்ந்தே இவ்வெல்லைக்குள் அடங்கும். பாங்கிகட்கே இக்காப்பு, தனியார் நிதி நிறுவனங்களுக்கு இஃதில்லை.

இவ்வேறுபாட்டினை யாம் அறிந்தது காலங்கடந்தே. சில ஆண்டுகட்கு முன்னர் ஒருநாள் மாலை, எம் ஆச்சி திண்ணையில் வானொலிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். நேயர் வினாக்கட்கு அதிகாரி ஒருவர் விடையிறுத்துக் கொண்டிருந்தார். பாங்கியில் வைத்த பணத்திற்குக் காப்பீடு உண்டென்று அவர் தெளிவாகவே கூறினார். அவர் மேல் குற்றமொன்றுமில்லை. ஆச்சி எம்மை நோக்கி, "ஏயா, அப்ப நம்ம நிதியில போட்டிருக்க பணத்துக்கும் அது உண்டுல்லா?" என்றார். தாத்தா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதி எம்மூர் நிதி நிறுவனம் ஒன்றில் இருந்தது. பள்ளிப் பாடத்தில் ஆழ்ந்திருந்த யாம் தலை நிமிராமலே, "ஆமாச்சி" என்றோம். எடுத்து அஞ்சலகத்தில் இடலாமா என்று அவர் அவ்வாரம் எண்ணியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எட்டுத் திங்களில் அந்நிறுவனத்தின் கதவு மூடப்பட்டது. அதன் இரசீதுகளை ஆச்சி இன்றும் தம் வேதப்புத்தகத்தின் பின்னட்டையில் மடித்து வைத்திருக்கிறார். வானொலியும் மாலைதோறும் திண்ணையில் ஒலிக்கின்றது. பணத்தைப் பற்றிய பேச்சு வரின், கீரையைக் கீழே வைத்துவிட்டு ஒலியைக் கூட்டுகின்றார். அன்று யாம் கூறிய விடையைப் பற்றி அவர் இதுகாறும் ஒரு சொல்லும் கேட்டிலர்.