உன் உடம்பு எழுதக்கூடிய நாவல்

பொள்ளாச்சி

அன்புள்ள அம்முணி,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய அத்தியாயங்களும் கிடைத்தன. அத்தியாயங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாத்திரை விஷயம். ஞாயிற்றுக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட் போட்டால் திங்கள் முழுக்கத் தலை மந்தமாகக் கிடக்கிறது, ஒரு பக்கம்கூட நகர்வதில்லை, அதனால் சில வாரமாகப் போடாமல் விட்டிருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்ணு, வலிக்கிறபோது போட்டு வலிக்காதபோது விடுவதற்கு இது வலி மாத்திரை இல்லை. சரவாங்கியில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. வீக்கம் நீடித்தால் குருத்தெலும்பு அரிக்கும், எலும்பும் அரிக்கும். அரித்தது திரும்ப வளராது. வலி தணிந்திருக்கிற வாரத்திலும் உள்ளே அது நடந்துகொண்டிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. ஒரு திங்கட்கிழமையை மிச்சம் பிடிப்பதற்காக, நாற்பது வயதில் நீ எழுத வேண்டிய விரல்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல். வேறு கிழமைக்கு மாற்றலாமா, இரவு படுக்கப் போகும்போது போடலாமா, மாத்திரைக்குப் பதில் ஊசி உண்டா, ஃபோலிக் ஆசிட் அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேள். மறுநாள் அசதி அவருக்குப் புதிய புகாராக இருக்காது. இன்னொன்று, விட்ட வாரத்துக்கும் சேர்த்து நீயாக இரண்டு மடங்கு போட்டுவிடாதே. இது வாரத்துக்கு ஒரு தடவை மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனைத் தேதிகளையும் தள்ளிப்போடாதே, கல்லீரலை அதில்தான் பார்க்கிறார்கள்.

உன் சித்தி முடவாட்டுக்கால் சூப்பு வைத்துக் கொண்டுவருகிறாள் என்று எழுதியிருந்தாய். அது அன்பு, முகம் சுளிக்காதே. குடிக்கலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள். மாத்திரைக்கு மாற்றாக யார் எதைக் கொடுத்தாலும், எவ்வளவு பிரியமாகக் கொடுத்தாலும், வாங்காதே.

இனி நாவலுக்கு வருகிறேன். ஐந்து பாகம், ஏழு நாடுகள், நாலு தலைமுறை அரசர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் தனி மொழி, தனி நாட்காட்டி. படிக்கும்போது எனக்கு மலைப்பும் பெருமையும் ஒன்றாக வந்தன. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருக்கிற கேள்வி, இந்த உடம்பை வைத்துக்கொண்டு இதை முடிக்க முடியுமா என்பது. அதற்குச் சுசானா கிளார்க்கின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவருடைய ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்’ 2004இல் வந்தது. பத்து வருடம் போல எழுதியது. நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில் இரண்டு மந்திரவாதிகள், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகள், இல்லாத நூல்களிலிருந்து மேற்கோள்கள் என்று ஒரு முழு உலகம். 2005இல் அதற்கு ஹியூகோ விருதும் கிடைத்தது. அந்தச் சமயத்திலேயே அவர் நோயில் விழுந்தார். நாட்பட்ட சோர்வு நோய் என்றார்கள். வீட்டைவிட்டு வெளியே போக முடியாத காலம், கோவையாக யோசிக்க முடியாத காலம் என்று வருடங்கள் போயின. முதல் நாவலின் தொடர்ச்சியை எழுத நினைத்தார். அதற்கு எவ்வளவு ஆராய்ச்சி வேண்டும், எத்தனை பாத்திரங்களை ஒரே சமயத்தில் நினைவில் வைக்க வேண்டும் என்று யோசித்துப் பார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, எப்போதோ மனதில் கிடந்த ஒரு பழைய கருவை எடுத்தார். ஒரு பெரிய வீடு. முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் கடல். அதில் ஏறக்குறைய தனியாக வாழும் ஒரு மனிதன், அவன் எழுதும் நாட்குறிப்பு. பாத்திரங்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம் என்றே சொல்லலாம். அதுதான் 2020இல் வந்த ‘பிரனேசி’. முதல் நாவலுக்கும் இதற்கும் இடையே 16 வருடம். அளவில் அதில் பாதிகூட வராது. 2021இல் பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசு இதற்குத்தான் போனது.

இதை நோயை வென்ற கதையாக நான் சொல்லவில்லை, அம்முணி. அவர் தன் உடம்பால் எழுதக்கூடிய நாவல் எது என்று பார்த்து, அதன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். அப்படித் தேர்ந்தெடுத்தது சின்ன நாவலாக இருந்தாலும் சிறுத்த நாவலாக ஆகவில்லை. நான்கு சுவருக்குள் வருடக்கணக்கில் இருந்தவரால்தான் அந்த வீட்டின் ஒவ்வொரு மண்டபத்தையும் அவ்வளவு அன்போடு எழுத முடிந்தது என்று நான் நம்புகிறேன். உன் ஏழு நாடுகளும் எங்கேயும் போய்விடாது. ஆனால் அந்த உப்பளத்து நாட்டில் மணியடிக்கிற பெண் ஒருத்தி வருகிறாளே, அவளை மட்டும் எடுத்துக்கொள். ஒரு ஊர், ஒரு கோபுரம், ஒரு மழைக்காலம். மற்ற ஆறு நாடுகளும் அவள் காதில் விழும் செய்தியாக மட்டும் இருக்கட்டும். இருநூற்றைம்பது பக்கத்தில் முடியும் தனி நாவலாக அதை யோசித்துப் பார். அனுப்பியதில் எனக்கு உயிரோடு இருந்த பக்கங்கள் அவள் வரும் பக்கங்கள்தான். போர்க்களக் காட்சிகளில் நீ சிரமப்பட்டிருப்பது தெரிகிறது.

மணியடிக்கிற அவளுக்கும் தோள்பட்டையில் தீராத வலி என்று வைத்திருக்கிறாய். நல்லது. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு மருத்துவச்சி வந்து பச்சிலை அரைத்துப் பூசியதும் விடிவதற்குள் குணமாகிவிடுகிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்று கெஞ்சிக் கேட்கிறேன். சஞ்சீவி மலையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஆசை கை எழுதும்போது தானாக வரும். நம் மாயாஜாலக் கதைகளில் காயம் ஒன்று ஆளைக் கொல்லும், இல்லாவிட்டால் இரவோடு இரவாக ஆறிவிடும். வருடக்கணக்கில் கூடவே இருக்கிற வலிக்கு அந்த உலகங்களில் இடம் குறைவு. மேல்நாட்டில் சிலர் அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஜோ அபெர்கிராம்பியின் ‘தி பிளேட் இட்செல்ஃப்’ நாவலில் குளோக்டா என்று ஒரு விசாரணை அதிகாரி வருவான். எதிரிச் சிறையில் சித்திரவதைப்பட்டுக் காலும் பற்களும் போனவன். உலகத்தில் அவன் அதிகம் வெறுப்பது படிக்கட்டைத்தான். ஒரு அரண்மனையில் எத்தனை படி என்பது அவன் வரும் பக்கங்களில் நமக்கும் முக்கியமாகிவிடுகிறது. லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் ‘தி கர்ஸ் ஆஃப் சாலியன்’ நாவலில் நாயகன் கசாரில், கப்பலில் துடுப்பு வலித்த அடிமையாக இருந்து முதுகு கிழிந்து திரும்பியவன். வயது முப்பத்தைந்துதான், நடையோ கிழவன் நடை. அந்த உடம்போடுதான் அவன் கதை முழுவதையும் கடக்கிறான்.

உனக்கு இது கற்பனை செய்ய வேண்டிய விஷயமே இல்லை. காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் தண்ணீர்ச் சொம்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பிடித்துத் தூக்குகிறாயே, அதை அவளுக்குக் கொடு. மணிக்கயிற்றை விரலால் பிடிக்க முடியாத நாளில் முழங்கையில் சுற்றி உடம்பின் பாரத்தால் இழுக்கட்டும். அன்றைக்கு மணி ஒரு கணம் பிந்தி ஒலிக்கும். ஊரில் யாராவது அதைக் கவனிப்பார்களா? அந்தக் கேள்வியிலிருந்து உனக்கு ஒரு அத்தியாயம் கிடைக்கும்.

எழுதும் முறை பற்றிக் கேட்டிருந்தாய். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து எழுதினால்தான் எழுத்தாளர் என்று பத்திரிகைகளில் படிப்பதை விட்டுவிடு. சரவாங்கி உள்ளவர்களுக்குக் காலை விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும். உன் நேரம் பதினொரு மணிக்கோ மாலை நாலு மணிக்கோ தொடங்கலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

நீ ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறாய் என்று தெரியும். தமிழ்99 விசைப்பலகைக்கு மாறு. ‘மரகதம்’ என்று அடிக்க உனக்கு இப்போது பத்து விசை. தமிழ்99இல் ஆறு. அகரத்தைத் தனியாக அடிக்க வேண்டாம், ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். எல்லாவற்றையும்விட, ள, ண, ற ஒவ்வொன்றுக்கும் சுண்டு விரலால் ஷிப்ட் விசையை அமுக்குகிற வேலை போய்விடும். உனக்கு வீங்குவது அந்த விரல்தானே. பழகச் சில வாரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்.

கை சுத்தமாக முடியாத நாளுக்குப் போனில் பேசி எழுது. தமிழ்க் குரல் உள்ளீடு இப்போது பரவாயில்லை. நிறுத்தற்குறியை நம்ப முடியாது, நம் கொங்குப் பேச்சை எழுதச் சொன்னால் கூழாக்கிவிடும். ஆனால் விவரணைக்குப் போதும். நீ உருவாக்கிய பெயர்கள் அதற்குப் புரியாது. அதனால் அரசனுக்கு ‘முருகன்’ என்று ஒரு சாதாரணப் பெயரைச் சொல்லிக்கொண்டே போ, கை நன்றாக இருக்கிற நாளில் ஒரே தட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

மந்தமான நாளில் மனதில் உலகம் நிற்காது. ஆகவே அதை மனதில் வைக்காதே. நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, யாருக்கு என்ன உறவு, எந்த ஆறு எங்கே ஓடுகிறது, யார் கண் என்ன நிறம் எல்லாவற்றையும் அதில் எழுது. மாத்திரைக்கு மறுநாள் அந்த நோட்டை மட்டும் பார். வாக்கியம் ஓடாவிட்டாலும் வரைபடத்தில் ஒரு பாலத்துக்குப் பெயர் வைக்கலாம்.

நல்ல நாள் வரும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வலி இல்லையே என்று ராத்திரி வரை எழுதினால் அடுத்த நாலு நாள் படுக்கைதான். நம் தோட்டத்துக் கிணற்றில் உன் பெரியப்பா மோட்டாரைக் காற்று வாங்கும்வரை ஓடவிட மாட்டார், கொஞ்சம் தண்ணீர் நிற்கும்போதே நிறுத்துவார். நீயும் கை கெஞ்சுவதற்கு முன்பே, இன்னும் ஒரு பத்தி வரும் என்று தெரியும்போதே எழுந்துவிடு. அந்தப் பத்தியில் என்ன வரும் என்பதை நோட்டில் ஒரு வரியாகக் குறித்து வை.

உட்கார முடியாவிட்டால் உட்காராதே. ஸ்டீபன் கிங் 1999இல் சாலையோரம் நடந்துபோனபோது வேன் மோதி இடுப்பும் காலும் நொறுங்கியவர். சில வாரத்தில் மறுபடி எழுத உட்கார்ந்தபோது அவர் மனைவிதான் சக்கர நாற்காலிக்குத் தோதாக வீட்டின் பின்புற நடையில் மேசை போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ‘ட்ரீம்கேட்சர்’ நாவலைக் கணினியை விட்டுப் பேனாவால் எழுதினார். எந்த நாற்காலி, எந்த உயரம், எந்தக் கருவி என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதும் எழுத்து வேலைதான். வீட்டில் உதவி கேட்கக் கூச்சப்படாதே. உன் தம்பியிடம் சொன்னால் மேசைக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தித் தர மாட்டானா?

கடைசியாகப் பதிப்பாளர். ஜனவரி புத்தகக் காட்சிக்கு முதல் பாகம் வர வேண்டும், அதற்குள் பிரதியைக் கொடு என்கிறார் என்றாய். நீ மாத்திரையை விட்டதற்கு அந்தத் தேதிதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இந்த வாரமே அவருக்கு எழுது. நோயின் வரலாறு முழுவதும் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். இந்த ஜனவரிக்கு முடியாது, ஐந்து பாகத்துக்குப் பதில் ஒரு தனி நாவல் தருகிறேன், பாதி முடிந்ததும் தேதி சொல்கிறேன் என்று நாலு வரி போதும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்குச் சொல், எனக்குத் தெரிந்த வேறு பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். மணியடிக்கிற பெண்ணின் அத்தியாயங்களை மட்டும் தனியாக எடுத்து அனுப்பு. பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லி உன் பெரியப்பாவிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதை அதற்கு முன்னால் போனில் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா