ஊருக்குள் தங்கும் போர்டு

அன்புள்ள தம்பிக்கு,

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டுத் திண்ணையில் வைத்தே சர்க்யூட் போர்டு அரித்து, துளையிட்டு, கிணற்று மோட்டாருக்கு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் செய்வதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பினால் சீனாவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பச்சைப் பூச்சோடு, துளையோடு, துளிப் பிசகில்லாமல் போர்டு வந்து இறங்குகிற காலத்தில், செம்பை அரிக்கிற ஃபெரிக் குளோரைடில் விரலைக் கறையாக்கிக்கொண்டு நான் எதற்கு இதைச் செய்ய வேண்டும் என்பது அந்தக் கேள்வி. அருப்புக்கோட்டை, நரிக்குடி, கமுதிப் பக்கம் இதே வேலையில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அழகில் உன் போர்டு ஆலையில் செய்ததை வெல்லாது. எண்ணிக்கை கூடினால் விலையிலும் வெல்லாது. ஆனால் நீ செய்த போர்டு உன் ஊருக்குள்ளேயே தங்கும். உன் கண்ணெதிரே உழைக்கும், கெட்டால் உன் கண்ணெதிரே கெடும். காலையில் கிணற்றடியில் கண்ட குறையைச் சாயங்காலத்துக்குள் படத்தில் திருத்தி, மறுநாள் புதுப் போர்டை மாட்டிவிடலாம். எங்கோ இருக்கிற ஆலைக்கு உன் ஊர்த் தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை. உனக்குத் தெரியும். இந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். வீடு என்பதால் இதைத் தாழ்வாகவும் நினைக்காதே. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர், 1936 வாக்கில் லண்டனில் ஒரு விடுதியில் தங்கியிருந்த காலத்தில்தான், கம்பிகளுக்குப் பதிலாகத் தகட்டில் பாதை அமைத்த ரேடியோவைச் செய்து பார்த்தார்.

முதலில், போர்டு எதற்காக என்பதில் தெளிவாக இரு. நம் பக்கம் மும்முனை மின்சாரம் எந்நேரமும் போகலாம், வரலாம். நடுராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டாரை ஓடவிடுவது ஆட்டோ சுவிட்ச். விவசாயி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அந்நேரம் ஒரு ஃபேஸ் இல்லையென்றால், மிச்சம் இரண்டும் கூடுதல் கரண்டை இழுத்துக் காயில் கருகிவிடும். காயில் கட்டுகிற கடையில் மோட்டார் கிடக்கிற நாளெல்லாம் மிளகாய்ச் செடி தண்ணீர் இல்லாமல் நிற்கும். இதைத் தடுப்பதற்குத்தான் உன் போர்டு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போனால், போன முனையில் மீட்டரை வைத்தாலும் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்டும். சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டாரே அந்தக் காயிலில் வோல்டேஜை உண்டாக்கிவிடுவதுதான் காரணம். ஆகவே, 'ஃபேஸ் இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கிற சுற்று, காயில் கருகும்வரை 'இருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று ஃபேஸுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வையோ, ஒவ்வொன்றிலும் போகிற கரண்டையோ உன் சுற்று அளக்க வேண்டும். இது விளங்காமல் அரிக்கிற தட்டைத் தொடாதே.

அடுத்தது படம் வரைவது. கிகாட் மென்பொருள் இலவசம், அதிலேயே பழகு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சுவிட்சர்லாந்தின் உதவியோடு நடந்த மின்னணு வடிவமைப்பு மையத்தில் பணியாற்றிய வால்டர் பாஸ்ஹார்ட் 1983-ல் அச்சுச் சுற்றுப் பலகைகளைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதே. இயந்திரங்கள் மாறியிருக்கலாம். செம்பும் பிசினும் நடந்துகொள்கிற விதம் மாறவில்லை.

வீட்டுப் போர்டில் துளைக்குள் செம்பு முலாம் இருக்காது. ரிலே, டெர்மினல், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் கனத்தையும் அடிப்பக்கத்து பேட்தான் தாங்குகிறது. அந்த பேட்டோ பலகையில் ஒட்டப்பட்ட 35 மைக்ரான் செம்புத் தகடு மட்டுமே. எனவே கனமான பாகங்களுக்கு பேட்டைப் பெரிதாக வை, டிரான்ஸ்ஃபார்மரைத் திருகு போட்டுப் பலகையோடு பிணைத்துவிடு. இரண்டு ஃபேஸ் பாதைகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் விடு. ஃபேஸ் பகுதிக்கும் 12 வோல்ட் பகுதிக்கும் நடுவே அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். சுகர் கியூப் ரிலேயின் கால்களுக்கு இடையே அவ்வளவு இடம் கிடைக்காது. அந்த இடத்தில் பலகையையே மெல்லிய ரம்பத்தால் கீறித் திறந்துவிடு. நம் ஊர்க் கரிசல் தூசி முதல் மழையின் ஈரத்தோடு சேர்ந்தால் கரண்டுக்குப் பாதையாகிவிடும். பலகையே இல்லாத இடத்தில் தூசி படியாது.

பழகுவதற்கு ஹைலம் பலகை போதும். துளை எளிதில் விழும், டிரில் பிட்டும் தாங்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், சால்டரிங் சூட்டில் அதன் பேட் சீக்கிரம் பெயர்ந்துவிடும். தோட்டத்துக்குப் போகிற போர்டுக்கு 1.6 மில்லிமீட்டர் கிளாஸ் எபாக்ஸியே எடு.

இப்போது துளையிடுவது. பலரும் அவசரப்படுகிற இடம் இது. போர்டின் ஆயுள் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

கிளாஸ் எபாக்ஸியில் இருப்பது கண்ணாடி இழை. சாதாரண ஸ்டீல் பிட் அதில் சீக்கிரமே மழுங்கிவிடும். மழுங்கிய பிட் செம்பை வெட்டாது, பிய்க்கும். பேட்டின் விளிம்பு எழும்பி நிற்கும், சூட்டில் பிசின் இளகும். அந்த பேட்டிலும் சால்டர் பளபளவென்றுதான் உட்காரும். ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பெட்டி அதிர, ஒரு நாள் அந்தச் செம்பு வளையத்தில் மயிரிழை விரிசல் விழும். அதன்பிறகு போர்டு ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. விவசாயியை இதைவிட அலைக்கழிக்கிற கோளாறு வேறில்லை.

அதனால் கார்பைடு பிட் வாங்கு. அது கடினமானது, ஆனால் பக்கவாட்டு அழுத்தம் துளியும் தாங்காது. கையில் பிடித்த டிரில்லில் மாட்டினால் கை லேசாகச் சாய்ந்ததுமே ஒடிந்துவிடும். செங்குத்தாக இறங்குகிற ஸ்டாண்ட் இல்லாமல் அதைப் பயன்படுத்தாதே. வேகம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. ஆலைகளில் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுகளில் ஓட்டுகிறார்கள். உன் 12 வோல்ட் மோட்டாருக்கு அந்த வேகம் வராது, அதற்கு ஏற்ப மெதுவாக இறக்கு. அழுத்தாதே, பிட் தானாக வெட்டிக்கொண்டு போகட்டும்.

படத்திலேயே ஒவ்வொரு பேட்டின் நடுவிலும் சின்னப் புள்ளியளவு செம்பு இல்லாமல் விட்டு அரித்தால், பிட்டின் முனை வழுக்காமல் அந்தக் குழியில் உட்காரும். செம்புப் பக்கமிருந்து துளையிடு. அடியில் வீணான ஹைலம் துண்டு ஒன்றை வைத்தால் மறுபக்கம் சிதறாது. ஐசி, கால்வாட் ரெசிஸ்டருக்கு 0.8 மில்லிமீட்டர், 1என்4007 டயோடுக்கு 1.0, டெர்மினலுக்கு 1.3, மூன்று மில்லிமீட்டர் திருகுக்கு 3.2. துளை பெரிதானால் சால்டர் காலைப் பிடிக்காமல் சுற்றி நிற்கும், சிறிதானால் காலைத் திணிக்கும்போது பேட் பெயரும். முடித்தபின் போர்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு வளையமும் முழுதாக இருக்கிறதா என்று பார். ஒன்று அறுந்திருந்தாலும் அந்தப் போர்டைத் தோட்டத்துக்கு அனுப்பாதே.

துளைத் தூள் கண்ணாடி என்பதை மறக்காதே. மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் உட்காராதே. தூளை வாயால் ஊதாதே, ஈரத் துணியால் துடை. குழந்தைகள் தவழ்கிற திண்ணை இதற்கு ஏற்ற இடமில்லை. கொல்லைப்பக்கம் ஒரு மேசை போட்டுக்கொள்.

செய்து முடித்ததும் நேரே மும்முனையில் கொடுக்காதே. வீட்டில் சீரிஸ் பல்பு போட்டுச் சோதி. தோட்டத்துக்குத் தனியாகப் போகாதே, அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனோடு போ. வேலையைத் தொடங்கும் முன் மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றி உன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடு. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் எப்படிக் காயும் என்று உனக்குத் தெரியும். எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகும். 105 டிகிரி என்று அச்சிட்டதையே வாங்கு. போர்டின் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசு. ஒயர் நுழைகிற ஓட்டைகளை கிளாண்டு போட்டு அடை. பல்லியும் எறும்பும் உள்ளே போனால் நீ விட்ட இடைவெளி எதுவும் உதவாது.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். போர்டு ஊருக்குள் தங்கும் என்று சொன்னேன் அல்லவா, அதை அரித்த கரைசலும் ஊருக்குள்தான் தங்கும்.

கணக்கை நீயே போட்டுப் பார். 10-க்கு 15 சென்டிமீட்டர் போர்டில் 35 மைக்ரான் செம்பு என்றால் ஏறக்குறைய 4.7 கிராம். மூன்றில் இரண்டு பங்கை அரித்து எடுத்தால் சுமார் 3 கிராம் செம்பு கரைசலில் சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பைத்தான் ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு தண்ணீர் மூலமே இல்லாத இடத்தில்கூட 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த 3 கிராம் முதல் அளவுக்குள் வர 60,000 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐந்து லாரித் தண்ணீர், ஒரே ஒரு போர்டுக்கு. குண்டாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கிற, கண்மாய் நிரம்பினால் ஊரே போய்ப் பார்க்கிற சீமையில் நீ இருக்கிறாய். செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. வாய்க்காலில் ஒரு தட்டுக் கரைசலைக்கூட ஊற்ற உனக்கு உரிமை இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், தேவையில்லாத இடத்துச் செம்பை அரிக்காதே. குறைந்த வோல்டேஜ் பகுதியில் காலியான இடமெல்லாம் கிரவுண்டாக நிற்கட்டும். கரைசலும் மிச்சம், சுற்றுக்கும் நல்லது. ஃபெரிக் குளோரைடைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடு, நன்றாகச் சூடேறும். பிளாஸ்டிக் தட்டு மட்டுமே வை, அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. கரைசல் வேலை செய்கிறவரை மூடி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்து. வேகத்துக்கு அடுப்பு வேண்டாம், நம் வெயிலில் தட்டை வைத்தால் போதும்.

கரைசல் தீர்ந்ததும் லேத் பட்டறையில் இரும்புச் சீவல் கேட்டு வாங்கி, திறந்த வெளியில் கரைசலுக்குள் போட்டுவை. இரும்பு கரைந்து செம்பு சிவப்புத் தூளாக அடியில் படியும். தட்டில் நீ செய்த வேலையே தலைகீழாக நடக்கிறது. முன்பு செம்பு எலெக்ட்ரானை இழந்து கரைந்தது, இப்போது இரும்பிடமிருந்து வாங்கிக்கொண்டு மறுபடி உலோகமாகிறது. இந்த அறிவுக்கென்றே ஒரு நிறுவனம் உனக்குத் தொலைவில்லாத காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. மாணவர்களை அனுமதிக்கிற நாள் பார்த்து ஒருமுறை போய்வா.

செம்பைப் பிரித்தபின் மிச்சக் கரைசலில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்று. இரும்பும் எஞ்சிய செம்பும் சேறாகப் படியும். அதைக் காயவைத்து, மூடிபோட்ட டப்பாவில் பெயரெழுதிச் சேர்த்துவை. அபாயக் கழிவு வாங்குவதற்கு உரிமம் பெற்றவர்களிடமே கொடு. உன்னைப்போல நான்கு பேர் சேர்ந்தால், அருப்புக்கோட்டையில் ஓரிடத்தில் குவித்து ஒரே தடவையாக அனுப்பிவிடலாம். இந்த வேலைக்கு ஆகிற செலவை போர்டின் விலையில் சேர். அதைச் சேர்க்காத விலையில், மிச்சத்தைக் கண்மாயும் கிணறும் கட்டுகின்றன.

ஆலைக்கு எப்போது அனுப்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே வடிவம் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தோட்டத்தில் தாண்டி, நீ திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போனால், அது ஐம்பது தோட்டத்துக்குத் தேவைப்பட்டால், தயங்காமல் ஆலைக்கு அனுப்பு. அப்போது நீ அனுப்புகிற படத்தில், ஆலைக்காரர் அறியாத நம் ஊர் வெயிலும் தூசியும் கரண்டும் கணக்கில் வந்திருக்கும். அடுத்த புதிய வடிவத்துக்கு மறுபடி வீட்டு மேசைக்கு வா.

கடைசியாக ஒன்று. இனி நீ செய்கிற ஒவ்வொரு போர்டிலும் ஒரு மூலையில் உன் பெயரையும், தேதியையும், எத்தனையாவது திருத்தம் என்பதையும் செம்பிலேயே எழுது. அதே விவரத்தை ஒரு நோட்டில் குறித்து, எந்தத் தோட்டம், எத்தனை குதிரைத்திறன் மோட்டார், என்ன கோளாறு வந்தது, என்ன மாற்றினாய் என்று கீழே எழுதிக்கொண்டே வா. பெட்டியைத் திறக்கிற யாருக்கும் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். கேட்டு வருகிறவருக்குச் சொல்ல உன்னிடம் பதில் இருக்க வேண்டும். அந்த நோட்டில் பத்துப் பக்கம் நிரம்பியதும் எனக்கு எழுது. மேலே பேச நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்