எந்த மாநாட்டுக்குச் செல்வது?

விஞ்ஞானம் பயிலும் நமக்கு நாளை பல மாநாடுகளிலிருந்தும் பொருட்காட்சிகளிலிருந்தும் அழைப்பு வரும். எல்லாவற்றிற்கும் செல்லப் பொழுதும் இராது, பொருளும் இராது. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. எதைத் தேர்ந்தெடுப்பது? வரலாற்றைக் கேட்போம்.

1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் வேதியியல் அறிஞர் ஏறத்தாழ 140 பேர் கூடினர். காரணம் என்ன? கார்பனின் அணு எடையை அந்நாளில் சிலர் 6 என்றனர். வேறு சிலர் 12 என்றனர். நீரின் வாய்பாட்டிலேயே குழப்பம்! இத்தாலியப் பேராசிரியர் கான்னிஸாரோ, அவகாட்ரோவின் கருதுகோளே இதற்குத் தீர்வு என வாதாடினார். மாநாட்டில் முடிவு ஏற்படவில்லை. ஆயினும், விடைபெறும் வேளையில் அவருடைய நண்பர் பவேசி, கான்னிஸாரோவின் சிறு நூலை அனைவருக்கும் வழங்கினார். அதைப் படித்த லோதர் மேயரின் ஐயம் அகன்றது. அங்கு வந்திருந்த 26 வயது மெண்டலீஃப், புதிய அணு எடைகளைத் துணைக்கொண்டு 1869-இல் தனிம அட்டவணையை வெளியிட்டார்.

இதிலிருந்து நாம் கற்பன மூன்று. முதலாவது, மாநாட்டுக்கென ஒரு தெளிவான கேள்வி இருத்தல் வேண்டும். இரண்டாவது, விடை தேடுவோர் அங்கு வருதல் வேண்டும். அவர்களோடு பேச நேரமும் வேண்டும். மூன்றாவது, திரும்பும்போது படித்துச் சிந்திக்க ஏதேனும் நம் கையில் இருத்தல் வேண்டும்.

பொருட்காட்சியின் நோக்கம் வேறு. ஜெர்மனியில் 1920-இல் தொடங்கிய 'அக்கேமா' காட்சியில் வேதியியல் தொழிலுக்கான கருவிகளைக் காட்டுகின்றனர். கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க இத்தகைய இடமே ஏற்றது. ஆனால் விற்பவர் தம் பொருளைப் புகழவே செய்வார். ஆகவே நமக்குத் தேவையானது எது, கேட்க வேண்டியவை எவை என்று முன்னரே எழுதிக்கொண்டு செல்ல வேண்டும்.

இக்காலத்தில் பணம் பறிக்கவே நடத்தப்படும் போலி மாநாடுகளும் உள. தொடர்பற்ற பல துறைகளை ஒன்றாகச் சேர்ப்பதும், கட்டுரையை ஆராயாமலே ஏற்றுக்கொண்டு கட்டணம் கேட்பதும் அவற்றின் அடையாளங்கள். அழைப்பிதழில் பெயர் கண்ட அறிஞருக்கே, "தாங்கள் வருகிறீர்களா?" என்று எழுதிக் கேட்டால் உண்மை விளங்கிவிடும்.

தோழியரே, நம் பயணச் செலவில் பெற்றோரின் வியர்வை கலந்திருக்கிறது. "என் கேள்வி என்ன?" என்று முதலில் நம்மையே கேட்போம். கேள்வியோடு செல்பவளே விடையோடு திரும்புவாள்!