லிங்க் திறந்தால் போதுமா, கமிஷன் வர வேண்டாமா?

உடைந்த லிங்க் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். யாராவது ஒரு வாசகர் ‘திறக்கவில்லையே’ என்று கேட்டுவிடுவார். ஆபத்தான லிங்க் வேறு ரகம். அது ஒழுங்காகத் திறக்கும், பொருளும் விற்கும். விற்பனையை உங்கள் கணக்கில் சேர்க்கும் அஃபிலியேட் டேக் மட்டும் அதில் இருக்காது. விற்றும் கமிஷன் வராது, யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். மூன்று நான்கு தளங்களை ஒருசேர நடத்துபவர்களுக்கு இந்த இழப்பு சகஜம். தடுக்கும் வழிகள் இதோ.

1. முதலில் கணக்கெடுங்கள்

ஸ்க்ரீமிங் ஃபிராக் மென்பொருள் ஒரு தளத்தில் 500 முகவரிகள் வரை இலவசமாக அலசித் தரும். வெளியே போகும் லிங்க்குகளை மட்டும் பிரித்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். தளம், பக்கம், பொருள், டேக், கடைசியாகச் சரிபார்த்த தேதி என ஐந்து பத்திகள் போதும். டேக் பத்தியை வரிசைப்படுத்தினாலே பாதிக் குளறுபடி வெளியே வந்துவிடும். அமேசான் இந்தியா டேக் ‘-21’ என்று முடியும். அமெரிக்க டேக் ‘-20’. இந்தியக் கடை லிங்க்கில் ‘-20’ தென்பட்டால் அந்த விற்பனையில் உங்களுக்குக் காசு இல்லை.

2. மாற்றும் இடம் ஒன்றாக இருக்கட்டும்

ப்ரெட்டி லிங்க்ஸ், தர்ஸ்டிஅஃபிலியேட்ஸ் போன்ற வேர்ட்பிரஸ் பிளகின்களில், உங்கள் தள முகவரியிலேயே ஒரு குட்டி லிங்க் உருவாக்கி எல்லாக் கட்டுரைகளிலும் அதையே தரலாம். நிறுவனம் முகவரியை மாற்றினால் பிளகினில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். 2025-ல் ஷேர்அசேல் என்ற அஃபிலியேட் தளம் அவின் என்ற மற்றொரு அஃபிலியேட் தளத்துக்குள் இணைக்கப்பட்டபோது, இப்படி வைத்திருந்தவர்களுக்கு வேலை வெகுவாகக் குறைந்தது. ரீடைரக்ட் வகையை 302 அல்லது 307 என்று வையுங்கள். 301 நிரந்தர மாற்றம் என்பதால் பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு, வாசகரைப் பழைய இடத்துக்கே அனுப்பக்கூடும்.

அமேசான் மட்டும் விதிவிலக்கு. லிங்க் அமேசானுக்குத்தான் போகிறது என்பதை மறைக்கும் சுருக்க முகவரிகளை அதன் விதிகள் ஏற்பதில்லை. அங்கே நேரடி லிங்க்தான் பாதுகாப்பு.

3. மொத்தமாக மாற்றும்போது நிதானம்

நேரடி லிங்க்குகளில் டேக்கை மாற்ற ‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ பிளகின் உதவும். முதலில் பேக்கப். பிறகு அதிலேயே உள்ள சோதனை ஓட்டத்தை நடத்தி, எத்தனை இடங்கள் மாறும் என்று பாருங்கள். அந்த எண் உங்கள் எக்செல் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் காரணம் & குறியாக இருக்கும்: அது டேட்டாபேஸில் சில இடங்களில் வேறு வடிவில் பதிவாகியிருக்கும். எனவே தேடும்போது அந்தக் குறியை விட்டுவிட்டு, டேக் என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

4. மாதம் ஒருமுறை சோதனை

உடைந்த லிங்க்கைத் தேடும் கருவிகள் 404 பக்கத்தைத்தான் பிடிக்கும். ‘தற்போது கிடைக்கவில்லை’ என்று காட்டும் பொருள் பக்கம், கருவியின் கண்ணுக்கு நல்ல பக்கமே. படங்களையும் கவனியுங்கள்: 2023 இறுதியில் அமேசான், தன் லிங்க் உருவாக்கும் கருவியான சைட்ஸ்டிரைப்பில் பட லிங்க்குகளை நிறுத்தியபோது, பல தளங்களில் படம் இருந்த இடம் காலியானது. அதனால் அதிகம் பேர் படிக்கும் பக்கங்களை மட்டுமாவது நீங்களே போனில் திறந்து, முகவரிப் பட்டையில் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்காக உங்கள் லிங்க்கிலேயே பொருள் வாங்காதீர்கள். அமேசான் அதை அனுமதிப்பதில்லை.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி டிராக்கிங் ஐடி, அதாவது தனி டேக் வையுங்கள். ஒரு தளத்தின் கிளிக் திடீரெனப் பூஜ்யமானால் எங்கே பார்ப்பது என்று அன்றே தெரியும்.

5. வெளிப்படையாகச் சொல்லுங்கள்

2019 முதல் கூகுள், கமிஷன் லிங்க்குகளை ‘ஸ்பான்சர்டு’ என்று குறிக்கச் சொல்கிறது. அது தேடுபொறிக்கு. வாசகருக்கு, ‘இந்த லிங்க்கில் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்’ என்ற வரி முதல் லிங்க்குக்கு மேலேயே வர வேண்டும்.

பிறருக்குச் செய்பவரா?

இதையே ஃப்ரீலான்ஸ் வேலையாகவும் எடுத்துச் செய்யலாம். அஃபிலியேட் கணக்கு வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்கட்டும். எந்த டேக்கை எதற்கு மாற்ற வேண்டும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே கை வையுங்கள். முடிந்ததும் மாற்றத்துக்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். பில்லோடு அந்த இரண்டும் போனால், தொகையைப் பற்றிப் பேச்சு எழாது.